வருவோரும் பொதுமொழியும்: ஜெர்மானியச் சட்டங்களில் கற்கும் கடப்பாடும் கற்பிக்கும் பொறுப்பும்

ஆய்வுச் சுருக்கம்

குடியேறுவோர் தாம் வாழும் நாட்டின் பொதுமொழியைக் கட்டாயமாகக் கற்க வேண்டுமா என்னும் வினாவை ஜெர்மனியின் பட்டறிவைக் கொண்டு இக்கட்டுரை அணுகுகிறது. கற்பிக்கும் பொறுப்பை அரசு ஏற்றுக்கொண்ட இடத்தில்தான் கற்கும் கடப்பாட்டை விதிக்கும் தகுதி அதற்கு உண்டாகிறது என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: குடியேற்றம், பொதுமொழி, மொழித்தேர்வு, விருந்தினர் தொழிலாளர், ஈழத்தமிழர்.

முன்னுரை

வந்த நாட்டின் மொழியைக் கற்பது நன்று என்பதை மறுப்பார் இலர். மருத்துவரிடம் நோயைச் சொல்லவும், கூலி ஒப்பந்தத்தைப் படித்தறியவும், பிள்ளையின் ஆசிரியரிடம் பேசவும் மொழி வேண்டும். ஆயின் கற்பதன் நன்மை வேறு; கல்லாதவரைத் தண்டிக்கும் உரிமை வேறு. இப்பொருள் குறித்த விவாதங்கள் பெரும்பாலும் முன்னதை நிறுவிவிட்டுப் பின்னதையும் நிறுவியதாகக் கொள்கின்றன. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை அளக்க ஜெர்மனி பொருத்தமான களம். மொழியைப் பற்றிக் கவலையே கொள்ளாத காலமும், கடுமையாக வலியுறுத்தும் காலமும் அங்கு ஒரே தலைமுறையினரின் வாழ்நாளுக்குள் வந்து சென்றன.

கற்பிக்கப்படாத தலைமுறை

மேற்கு ஜெர்மனி 1955 டிசம்பரில் இத்தாலியுடனும் 1961 அக்டோபரில் துருக்கியுடனும் ஆள்சேர்ப்பு ஒப்பந்தம் செய்துகொண்டது. 1973 நவம்பரில் ஆள்சேர்ப்பு நிறுத்தப்படும்வரை பல நாடுகளிலிருந்தும் ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் பேர் வந்தனர்; அவருள் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் பேர் திரும்பினர். இவர்களுக்கு வழங்கிய பெயரே 'விருந்தினர் தொழிலாளர்' என்பது. துருக்கி ஒப்பந்தத்தின் முதல் வடிவம் தங்கும் காலத்தை ஈராண்டுக்கு வரையறுத்தது. 1964இல் அவ்வரம்பு நீங்கியது. பழகிய ஆளை அனுப்பிவிட்டுப் புதியவரைப் பழக்குவது ஆலைகளுக்குக் கட்டுப்படியாகவில்லை. எனினும், திரும்பிப் போகிறவர் என்ற எண்ணம் மட்டும் நிலைத்தது. போகிறவருக்கு மொழி கற்பிப்பது வீண்செலவாகத் தோன்றியது. அயல்நாட்டுத் தொழிலாளர்க்கான ஜெர்மன் வகுப்புகளை ஒருங்கிணைக்கும் அமைப்பு 1974இல், அதாவது ஆள்சேர்ப்பு நின்ற பிறகே, தோன்றியது.

இத்தலைமுறையினர் தாமே கேட்டுப் பழகிய மொழி மொழியியலாரின் கவனத்தை ஈர்த்தது. மைக்கேல் கிளைன் 1968இலேயே இதனைக் கலப்புக் குறுமொழியாக ஆராய்ந்தார். "எனக்குப் புரியவில்லை" என்பதற்குரிய "இஷ் ஃபெர்ஷ்டேயெ நிஷ்ட்" என்னும் தொடர், வினை விகுதியிழந்து "இஷ் நிக்ஸ் ஃபெர்ஷ்டேயென்" என நிற்பது இம்மொழிக்குச் சான்று. மேலாளர்களும் அவர்களிடம் இவ்வாறே சிதைத்துப் பேசியதுண்டு. கேட்டதைத்தானே கற்க முடியும்!

1970களில் ஹைடெல்பெர்க் ஆய்வுக்குழு இத்தாலிய, ஸ்பானியத் தொழிலாளர் 48 பேரின் பேச்சை ஆராய்ந்தது. அதன் முடிவு இக்கட்டுரைக்கு இன்றியமையாதது. மொழித்திறனோடு மிக நெருங்கிய தொடர்புடையதாக அமைந்தது, ஓய்வு நேரத்தில் ஜெர்மானியரோடு கொண்ட பழக்கமே. தொடக்க ஆண்டுகளைக் கடந்தபின் நாட்டில் தங்கிய காலத்தின் நீளம் அத்துணைப் பயன்தரவில்லை. தொழிலாளர் விடுதிகளில் தனித்து வைக்கப்பட்டவருக்கு அப்பழக்கம் எங்கிருந்து வரும்? "இத்தனை ஆண்டு இருந்தும் கற்கவில்லையே" என்ற குற்றச்சாட்டு இம்முடிவின்முன் வலுவிழக்கிறது.

(இவர்களின் பேரப்பிள்ளைகள் பேசும் நகர்ப்புற வழக்கினை ஜெர்மனின் புதிய கிளைவழக்கு என ஹைகெ வீஸெ 2012இல் தம் நூலில் வாதிட்டார். அவ்வழக்கில் துருக்கி, அரபுச் சொற்கள் பயில்கின்றன. திசைச்சொல்லைச் செய்யுட்சொல் வகை நான்கனுள் ஒன்றாக ஏற்ற தொல்காப்பியத்தைப் பயின்றோர்க்கு இது வியப்பளிக்காது.)

உரிமையும் கடப்பாடும்

2005 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த குடியேற்றச் சட்டம் ஒருங்கிணைப்பு வகுப்பினை நிறுவியது. பொதுவகுப்பில் மொழிக்கு 600 பாடவேளைகள். சட்டம், வரலாறு, பண்பாடு பற்றிய பகுதி 30 வேளைகளில் தொடங்கி இன்று 100 வேளைகளாக வளர்ந்துள்ளது. ஐரோப்பிய மொழித்தர அளவீட்டின் பி1 நிலையை எட்டுவது இலக்கு. ஒரே வகுப்பை அச்சட்டம் ஒரு பிரிவில் குடியேறியவரின் உரிமையாகவும் அடுத்த பிரிவில் கடப்பாடாகவும் வைக்கிறது. கடப்பாட்டை மீறுவோர்க்கு உதவித்தொகை குறையலாம். தங்கும் இசைவைப் புதுப்பிப்பதில் இடர் நேரலாம். இவ்விணைப்பே அக்கட்டாயத்தை ஏற்கத்தக்கதாக்குகிறது என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. அரசு வகுப்பறையைத் திறந்து, செலவின் பெரும்பகுதியை ஏற்று, அதன்பின் "வா" என்கிறது.

வாயிலில் ஒரு தேர்வு

2007 ஆகஸ்டில் வந்த திருத்தம் இம்முறைமையை மாற்றியது. ஜெர்மனியில் வாழும் துணைவருடன் சேர விரும்புவோர், நாட்டுக்குள் நுழையுமுன்பே ஏ1 நிலை ஜெர்மனைத் தம் நாட்டிலேயே கற்றுத் தேர வேண்டுமென்றது. கட்டாயத் திருமணத்தைத் தடுத்தலும் ஒருங்கிணைப்பை எளிதாக்கலும் இதன் நோக்கங்களாகச் சொல்லப்பட்டன. ஆனால் விலக்குப் பட்டியல் வேறொன்றைச் சொல்கிறது. அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா, கனடா, தென்கொரியா முதலிய நாட்டுக் குடிமக்களின் துணைவர்க்கு இத்தேர்வு இல்லை. ஜெர்மனியில் வாழும் பிரெஞ்சுக் குடிமகனான ஈழத்தமிழரை மணந்து செல்லும் யாழ்ப்பாணப் பெண்ணுக்கு ஜெர்மன் தேவையில்லை. ஜெர்மானியக் குடிமகனான ஈழத்தமிழரை மணந்தவர் மட்டும் ஏ1 சான்றிதழ் பெற்றாக வேண்டும். இருவரும் சென்று வாழ்வது ஒரே தெருவாகவும் இருக்கலாம். மொழியே உண்மைக் கவலையாயின் இவ்வேறுபாட்டுக்கு இடமில்லை.

துருக்கியப் பெண்ணொருவரின் வழக்கு இத்தேர்வின் தன்மையை வெளிப்படுத்தியது. அவர் ஏ1 சான்றிதழ் பெற்றிருந்தார். எழுத்தறிவில்லாத அவர் விடைக்கட்டங்களை ஊகத்தால் குறித்தும் மூன்று வாக்கியங்களை மனப்பாடம் செய்தும் தேறியதாகக் கூறித் தூதரகம் நுழைவிசைவை மறுத்தது. துருக்கியுடனான பழைய உடன்பாட்டிற்கு இம்மொழி நிபந்தனை முரணானது என 2014 ஜூலை 10 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்ட நுணுக்கம் ஒருபுறமிருக்க, மொழிக்கல்வியை மனப்பாடமாகச் சுருக்கியது வாயிலில் வைத்த தேர்வே என்பது கருதத்தக்கது. அப்பெண் ஜெர்மன் பேசுவோரிடையே வாழத் தொடங்குமுன்பே அவரது ஜெர்மன் அளக்கப்பட்டது.

குடியுரிமையும் காலவரம்பும்

2024 ஜூன் 27 முதல் நடைமுறையிலுள்ள குடியுரிமைச் சட்டத் திருத்தம், 1974 ஜூன் 30க்குள் வந்த விருந்தினர் தொழிலாளருக்கு எழுத்துத்தேர்வை நீக்கியது. அன்றாட வாழ்வில் வாய்மொழியாகப் பேச இயன்றால் போதும். கிழக்கு ஜெர்மனிக்கு 1990 ஜூன் 13க்குள் வந்த ஒப்பந்தத் தொழிலாளருக்கும் இச்சலுகை உண்டு. அத்தலைமுறைக்கு உரிய மொழிவகுப்புகள் வழங்கப்படவில்லை என்பதே இதற்குச் சொல்லப்பட்ட காரணம். கற்பியாமைக்கும் கல்லாமைக்கும் உள்ள தொடர்பை அரசே சட்டத்தில் ஒப்புக்கொண்டது என இதனைக் கொள்ளலாம்.

இவ்வொப்புதலின் எல்லை இங்கு கவனத்திற்குரியது. ஈழத்தமிழர் பெருமளவில் மேற்கு ஜெர்மனியை அடைந்தது 1980களில். ஆகவே 1974 வரம்புக்குள் அவர்கள் அடங்கார். புகலிட வழக்கின் முடிவுக்காகக் காத்திருப்போர்க்கு ஒருங்கிணைப்பு வகுப்பின் கதவு 2015 அக்டோபரில்தான், அதுவும் தங்க வாய்ப்புள்ளோர் எனக் கருதப்பட்டவர்க்கு மட்டும், திறந்தது. அன்று அவ்வாறு காத்திருந்து இன்று முதுமையெய்திய தமிழர் ஒருவர் குடியுரிமை கோரின், அதே 2024 திருத்தத்திலுள்ள இன்னல் விதியை நாடலாம். அவ்விதிப்படி, இடைவிடாது முயன்றும் தம்மால் போதிய அளவு கற்க இயலவில்லை என்பதை அவரே மெய்ப்பிக்க வேண்டும். விருந்தினர் தொழிலாளர்க்கோ வந்த நாளே சான்றாகப் போதும்.