செருப்பை ஓங்காதே, முதல்ல முதுகைப் பாரு

மழை விட்ட மறுநாள் வாசல்லயோ, செடித்தொட்டி அடியிலயோ பார்த்தே இராத ஒரு பூச்சி ஓடுதா? கத்தி ஊரைக் கூட்டாதே தங்கச்சி. அது கரப்பானா, வண்டான்னு முதல்ல தெரிஞ்சுக்கோ. வண்டுக்கு ரெண்டு இறக்கை மூடியும் நடுமுதுகுல நேர்கோடா வந்து சேரும். கரப்பானுக்கு ஒரு இறக்கை இன்னொண்ணு மேல, புடவைக் கொசுவம் மாதிரி ஏறிக்கிட்டு இருக்கும். கழுத்து மேல இருக்கிற தகடு தலையை மறைச்சிடும். மீசை நூலா நீளும், கால்ல முள்ளு இருக்கும்.

கரப்பான்தான்னு தெரிஞ்சா அளவையும் நிறத்தையும் கவனி. கட்டைவிரல் நீளத்துக்குச் செம்பழுப்பா, கழுத்துத் தகட்டு ஓரத்துல மஞ்சள் வளையத்தோட இருந்தா அது சாக்கடை மூடியிலிருந்து வந்த அமெரிக்கக் கரப்பான். ஒன்றரை சென்டிமீட்டருக்குள்ள, தகட்டுல ரெண்டு கருங்கோடு இருந்தா ஜெர்மன் கரப்பான். அடுப்படியில குடும்பம் பெருக்குறது இதுதான், விடாதே. தொட்டி மண்ணைக் கிளறும்போது கரும்பழுப்பா ஒண்ணு மண்ணுக்குள்ளயே புதைஞ்சு ஓடினா அது சுரினாம் கரப்பானா இருக்கலாம். வீட்டுக்குள்ள குடியேறாது. ஆனா பெருகிட்டா செடியோட வேரைக் கடிக்கும்.

எனக்குப் பிடிச்சது ஏழு புள்ளிக் கரப்பான். நம்ம தென்னிந்தியாவோட சொந்தப் பூச்சி. கன்னங்கரேல்னு உடம்பு, இறக்கையில ஏழு வெள்ளைப் புள்ளி. பார்த்தா கரப்பான்னு சத்தியம் பண்ணாலும் நம்ப மாட்டே. புதர்க்காட்டுச் சருகுக்கு அடியில இருக்கிறது. குஞ்சுங்க மண்ணுக்குள்ளயே வளரும், மக்கின இலையைத் தின்னும். உன் சர்க்கரை டப்பா அதுக்குத் தேவையே இல்லை. 1758-லயே லின்னேயஸ் இதுக்கு அறிவியல் பேர் வச்சிட்டார். நாமதான் இன்னும் அடையாளம் தெரியாம மிதிக்கிறோம்.

ஆனா இதே ஜாடையில ஒரு தரைவண்டு உண்டு. அதுவும் கறுப்பு, அதுலயும் வெள்ளைப் புள்ளி. அது ஆறு புள்ளிக்காரன்: முதுகுல நாலு, கழுத்துல ரெண்டு. கரப்பானுக்குக் கழுத்துல புள்ளி கிடையாது. வண்டு உருவத்துல பெரிசு, இடை ஒடுங்கியிருக்கும், முன்னால தாடை நீட்டிக்கிட்டுத் தெரியும். சீண்டினா எரிச்சல் தர்ற அமிலத்தைப் பீய்ச்சும். அந்தப் பயத்துலதான் பறவைங்க இந்தக் கரப்பானையும் தொடாம விட்டுடுதுங்கன்னு பூச்சி ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க. அதனால புள்ளியை எண்ணுறேன்னு கிட்டத்துல முகத்தைக் கொண்டு போகாதே. பிள்ளைங்களைக் கையில எடுக்கவும் விடாதே. கண்ணுல பட்டுட்டா நிறைய தண்ணி விட்டுக் கழுவிட்டு டாக்டர்கிட்ட போ.

போன்ல ரெண்டு படம் எடு: நேர் மேலிருந்து ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு. பக்கத்துல ஒரு ரூபாய் நாணயத்தை வை, அளவு தெரியும். ஐநேச்சுரலிஸ்ட் ஆப்ல போட்டா விவரம் தெரிஞ்சவங்க பேரைச் சொல்லுவாங்க. வீட்டு இடத்தை மறைச்சு வைக்கிற வசதியும் அதுல இருக்கு, மறக்காம அதைப் போட்டுக்கோ.

ஏழு புள்ளிக்காரன் வழி தவறி உள்ளே வந்துட்டா டம்ளரைக் கவுத்து, அடியில அட்டையைச் செருகி, செடிப் பக்கமா கொண்டுபோய் விட்டுடு. ஸ்ப்ரே அடிக்காதே.