போர்மட் அடிக்க முதல் ஒரு கிழமை

போன கார்த்திகை மழைக்குள் ஒரு தாயும் மகனும் ஓட்டோவில் வந்து இறங்கினார்கள். தாயின் மடியில் பழைய போர்வையால் சுற்றிய டெஸ்க்ரொப் பெட்டி. தாவடிப் பக்கத்து ஆட்கள். பொடியன் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு படிக்கிறான்.

“சேர், ஒரு நாளைக்கு ரெண்டு மூண்டு தரம் ஸ்ரக் ஆகுது. மூண்டு முறை போர்மட் அடிச்சாச்சு. இனிச் சரிவராது, புது லப்டொப் ஒண்டு எடுங்கோ எண்டு கடையிலை சொல்லிப்போட்டினம்.”

தாய் ஒன்றும் பேசவில்லை. கனடாவில் இருக்கிற தம்பியாரிடம் காசு கேட்பதா விடுவதா என்ற யோசனை அவர் முகத்திலேயே தெரிந்தது.

“எந்தெந்த நேரத்திலை ஸ்ரக் ஆகுது, தம்பி?” என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. மூன்று முறை மருந்து கொடுத்தாயிற்று, நோய் எப்போது வருகிறது என்று ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பதினைந்து வருடத்துக்கு மேலாகப் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக் கொடுக்கிறேன். பழுது பார்ப்பது என் தொழில் இல்லை. ஆனால் கணினி நின்றால் பிள்ளையின் படிப்பும் நிற்கிறது, அதனால் பெட்டிகள் என் மேசைக்கு வந்து சேர்கின்றன. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முடிவை எடுத்துக்கொண்டுதான் வருகிறார்கள். வகுப்பில் ஒருவன் வன்தட்டுக்குப் பதிலாக வேகமான எஸ்.எஸ்.டி. போட்டுவிட்டான், இவனுக்கும் அது வேண்டும். மச்சான் கேமிங் லப்டொப் வாங்கிவிட்டான், இவனுக்கும் வேண்டும். சில வீடுகளில் தகப்பன், ‘போர்மட் அடிச்சால் எல்லாம் சரியாப் போயிடும்’ என்று ஒற்றைக் காலில் நிற்பார், பிள்ளை வாய் திறக்காது.

இப்படி இறுகி நிற்கும் கணினிக்கு உள்ள வழிகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். நாமே பார்த்துத் திருத்தலாம், ஒரு பாகத்தை மாற்றலாம், விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடலாம், பெட்டியையே மாற்றலாம். எந்த இறுகலுக்கு எந்த வழி என்பதில்தான் பிள்ளைகள் பிழைவிடுகிறார்கள்.

கணினி இறுகி நிற்கும்போது முதலில் மவுஸை அசைத்துப் பாருங்கள். அம்பு அசைந்து, திறந்திருக்கும் பக்கம் மட்டும் அசையாவிட்டால், பெரும்பாலும் அந்த மென்பொருளோ வன்தட்டோ திணறுகிறது. அம்பும் அசையவில்லையா? விசைப்பலகையில் கேப்ஸ் லொக்கை அழுத்துங்கள். அதன் சின்ன விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே இன்னும் உயிர் இருக்கிறது. விளக்கும் மாறாவிட்டால் கணினி முழுதாக நின்றுவிட்டது. அப்போது ராம், பவர் சப்ளை, சூடு, டிரைவர் என்று தேட வேண்டும். இந்தச் சோதனைக்குப் பத்து விநாடி போதும், காசு செலவில்லை. ஆனால் இதைச் செய்துவிட்டு வந்த பிள்ளைகளை நான் கைவிரலில் எண்ணலாம்.

அடுத்தது நேரம். போட்ட உடனேயே திணறினால் வன்தட்டையும், தொடக்கத்திலேயே எழும்பும் மென்பொருட்களையும் பாருங்கள். அரை மணித்தியாலம் ஓடிய பிறகு இறுகினால் பெரும்பாலும் சூடு. கோண்டாவில், இணுவில் பக்கத்துச் செம்மண் தூசு ஃபானுக்கும் ஹீற் சிங்குக்கும் இடையில் கம்பளிபோலப் படிந்திருக்கும். புரோசஸர் நூறு பாகையை நெருங்கும்போது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அதற்கும் மேலே போனால் அணைந்துவிடும். ஒரு பெயின்ற் பிரஷும் புதுத் தேர்மல் பேஸ்ற்றும் போதும். நேரம் காலம் இல்லாமல் இறுகினால் ராமில் சந்தேகம் வைக்கலாம். பிளக்கைக் கழற்றிவிட்டு ராமை எடுத்து, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் துடைத்து, ‘கிளிக்’ என்று சத்தம் கேட்கும்வரை திரும்ப அமர்த்துங்கள். பிறகு மெம்ரெஸ்ற் 86 மென்பொருளைப் பென் ட்ரைவில் போட்டு ஒரு இரவு ஓட விடுங்கள். ஒரு பிழை காட்டினாலும் அந்த ராம் உதவாது.

விண்டோஸும் தன் பங்குக்கு எல்லாவற்றையும் எழுதி வைக்கிறது. ஈவென்ற் வியூவரைத் திறந்து, இறுகிய நேரத்துப் பதிவுகளைப் பாருங்கள். ‘டிஸ்க்’ என்ற பெயரோடு 7ஆம் எண் பதிவு இருந்தால், வன்தட்டில் பழுதடைந்த இடம் இருக்கிறதென்று அதுவே சொல்கிறது. ‘கேர்னல் பவர் 41’ என்றால் கணினி ஒழுங்காக மூடப்படாமல் நின்றிருக்கிறது, ஏன் நின்றது என்பதை நாம்தான் தேட வேண்டும். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் வன்தட்டின் உடல்நிலையை நிறத்தால் காட்டும். நீலம் நல்லது. மஞ்சள் வந்தால் அன்றைக்கே பைல்களை வேறிடத்துக்கு எடுத்துவிடுங்கள்.

இனிப் போர்மட்டுக்கு வருகிறேன். இந்த ஊரில் தேவைக்கு மேலாக நம்பப்படும் வைத்தியம் இதுதான் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

போர்மட் அடித்தவுடன் கணினி பறக்கும். அதுதான் பொறி. பழுதான வன்தட்டில் விண்டோஸைப் புதிதாகப் போட்டால், அதன் பைல்கள் பெரும்பாலும் வேறு இடங்களில் போய் அமர்கின்றன. கெட்ட இடத்தில் இப்போது எதுவும் இல்லை, அதனால் வாசிக்கும்போது சிக்கல் இல்லை. கடைகளில் அவசரத்துக்கு அடிக்கும் குவிக் போர்மட் வன்தட்டைச் சோதிப்பதே இல்லை. பழைய அட்டவணையைத் தூக்கிவிட்டுப் புது அட்டவணை எழுதுகிறது, அவ்வளவுதான். இரண்டு மாதத்தில் படங்களும் பாடக்குறிப்புகளும் நிறைந்து, எழுத்து அந்தக் கெட்ட இடத்துக்கு வந்து சேர்கிறது. வன்தட்டு அந்த ஒரு இடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்க முயல்கிறது, விண்டோஸ் முழுவதும் அதற்காகக் காத்து நிற்கிறது. பிள்ளை சொல்லும், ‘சேர், திரும்பவும் ஸ்ரக் ஆகுது.’ அந்த இரண்டு மாதத்தில் வன்தட்டு இன்னும் கெட்டிருக்கும்.

கடைக்காரரையும் முழுதாகக் குறை சொல்ல முடியாது. நோயைத் தேடி மூன்று நாள் பார்த்தால் அந்த மூன்று நாளுக்கும் கூலி கொடுக்க நாங்கள் ஆயத்தமில்லை. போர்மட் என்றால் காலையில் கொடுத்துப் பின்னேரம் வாங்கலாம், காசும் கேள்வியில்லாமல் கொடுப்போம். கேட்பதைத்தான் அவர்களும் செய்கிறார்கள்.

போர்மட்டோடு வரும் மற்ற வில்லங்கங்களையும் சொல்ல வேண்டும். பல இடங்களில் போடுவது பூட்டு உடைத்த விண்டோஸ். அந்தப் பூட்டை உடைக்கும் கருவிக்குள் என்ன ஒளிந்திருக்கிறதென்று போடுபவருக்கும் தெரியாது. விண்டோஸ் 10இற்கான வழமையான பாதுகாப்பு இற்றைப்படுத்தல் 2025 ஒக்ரோபர் 14உடன் நின்றுவிட்டது. அதனால் இப்போது பழைய பெட்டிகளுக்கும் 11ஐ வலிந்து ஏற்றுகிறார்கள். அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்ரெல் என்றால் எட்டாம் தலைமுறைப் புரோசஸராவது வேண்டும். இவை இல்லாத பெட்டியில் சோதனையைத் தாண்டி ஏற்றினால் பின்னால் வரும் இற்றைப்படுத்தல்களுக்கு உத்தரவாதமில்லை. புதிய லப்டொப் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: பலவற்றில் வன்தட்டு தானாகவே குறியாக்கப்பட்டிருக்கும். மீட்புச் சாவியான 48 இலக்க எண்ணை எழுதி வைக்காமல் கடையில் கொடுக்காதீர்கள்.

இந்த விடயத்தில் நான் நடுநிலையாகப் பேசவில்லை, அதை ஒளிக்கவும் விரும்பவில்லை. 2011இல் என் சொந்தக் கணினி இப்படித்தான் இறுகியது. ஒருவர் சொன்னதைக் கேட்டுப் போர்மட்டுக்குக் கொடுத்தேன். டி ட்ரைவைத் தொட வேண்டாம் என்று சொல்லியும் இருந்தேன். திரும்பி வந்தபோது இரண்டு ட்ரைவும் வெறுமையாக இருந்தன. அப்பாவின் கடைசித் தைப்பொங்கல் படங்கள் அதற்குள் இருந்தன. முற்றத்தில் பானைக்குப் பக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் குந்தியிருந்த படம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது, வேறெங்கும் இல்லை. கணினியின் பழுது என்னவென்றால் வன்தட்டுக் கேபிள் ஒன்று தளர்ந்திருந்ததுதான்.

போர்மட் சரியான மருந்தாகும் இடங்களும் உண்டு. வைரஸ் வேரோடியிருந்தால் செய்யத்தான் வேண்டும். வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடும்போது விண்டோஸைப் புதிதாகப் போடுவதுதான் நல்லது. மற்ற நேரங்களில் அது கடைசியில் வரட்டும்.

பாகம் மாற்றுவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வன்தட்டு பழுது என்று தெரிந்த பிறகு எஸ்.எஸ்.டி. போட்டால், பத்து வருடப் பெட்டியும் பிள்ளையின் படிப்புக்குத் தாராளமாகப் போதும். புது லப்டொப் விலையில் சின்னப் பங்குதான் செலவாகும். பழுது பவர் சப்ளையில் இருக்க, நண்பன் போட்டான் என்று எஸ்.எஸ்.டி. போட்டால் அந்தக் காசு வீண்.

புதிசு வாங்குவதென்றால் என் மனம் எப்போதும் டெஸ்க்ரொப் பக்கம்தான். திறந்து பார்க்கலாம், ஒரு பாகம் போனால் அதை மட்டும் மாற்றலாம், பிள்ளைக்கு உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியும். 1990இல் குடாநாட்டுக்குக் கறண்ட் நின்றபோது எனக்குப் பதின்மூன்று வயது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ரேடியோ நின்றால் திறந்துதான் பார்த்தோம், வேறு வழி இருக்கவில்லை. மூடிய பெட்டிமேல் எனக்கு நம்பிக்கை வராததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தாவடிப் பொடியனுக்கு நான் கொடுத்தது ஒரு நாற்பது பக்கக் கொப்பி. “ஒரு கிழமைக்கு ஒண்டும் செய்யாதை. ஸ்ரக் ஆகேக்கை நேரத்தை எழுது, என்ன செய்துகொண்டிருந்தனி எண்டு எழுது, வீட்டிலை என்ன நடந்தது எண்டும் எழுது.” அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. கணினி பார்க்கக் கொண்டுவந்தால் சேர் கொப்பி தருகிறார் என்று நினைத்திருப்பான்.

அடுத்த கிழமை கொப்பியைக் கொண்டு வந்தான். காலை 6.10. மாலை 5.45. காலை 6.05. மாலை 6.20. சில வேளை இறுகியிருந்தது, சில வேளை தானாக ரீஸ்ராட் ஆகியிருந்தது. கொப்பியை எட்டிப் பார்த்த தாய்தான் முதலில் கண்டுபிடித்தார்.

“சேர், இது நான் தண்ணி மோட்டர் போடுற நேரமெல்லே?”

கிணற்று மோட்டர் ஓடத் தொடங்கும் கணத்தில் பெருமளவு மின்னை இழுக்கும். அந்த வீட்டில் மோட்டரும் கணினியும் ஒரே லைனில் இருந்தன. மோட்டர் போடும்போது விளக்கு மங்குவதை அவர்கள் தினமும் பார்த்திருக்கிறார்கள், கணினியோடு அதைச் சேர்த்துப் பார்க்கவில்லை. யூ.பி.எஸ். ஒன்றும் இருந்தது. 2022இல் பதின்மூன்று மணித்தியாலம் வரை கறண்ட் கட் இருந்த நாட்களில் அதன் பற்றரி செத்துப்போயிருந்தது, யாரும் மாற்றவில்லை. பவர் சப்ளையும் மலிவானது, களைத்துப்போனது. எலெக்ரீசியன் மோட்டருக்குத் தனி லைன் இழுத்தார், யூ.பி.எஸ்ஸுக்குப் புதுப் பற்றரி போட்டார்கள், பவர் சப்ளையை மாற்றினோம். கனடாவுக்குத் தொலைபேசி எடுக்கத் தேவை வரவில்லை.

அந்தப் பொடியனைப் பற்றி இன்னொன்று. தொழில்நுட்பப் பிரிவை அவன் விரும்பி எடுக்கவில்லை. 2013இல் அந்தப் பிரிவு பாடசாலைகளில் தொடங்கியதிலிருந்து ‘இதுதான் இனி எடுபடும்’ என்று பெற்றோர் சொல்லி வரும் பிள்ளைகளை நான் காண்கிறேன். அதற்கு முதல் எல்லோருக்கும் கணிதம் அல்லது உயிரியல். பிள்ளையின் கை எதற்கு வளைகிறது என்று ஒரு கிழமைகூடப் பார்க்காமல் பிரிவைத் தெரிவுசெய்வதும், கணினி எப்போது இறுகுகிறதென்று பார்க்காமல் போர்மட் அடிப்பதும் எனக்கு ஒன்றாகவே படுகின்றன. இந்தக் கொக்குவில் ஒரு காலத்தில் சுருட்டுக்குப் பேர்போன ஊர். கொட்டிலுக்குப் போன பொடியனை எடுத்தவுடன் சுருட்டச் சொல்ல மாட்டார்கள். முதலில் இலையின் நடு நரம்பை எடுக்க வேண்டும், நல்ல இலை எது கிழிந்தது எது என்று கை தானாக அறிய வேண்டும். ஒருவர் பேப்பரை உரத்து வாசிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுருட்டுவார்கள். அந்தப் பொறுமையில்தான் யாருக்குக் கை வாய்த்திருக்கிறது, யாருக்கு வாய் வாய்த்திருக்கிறது என்று தெரிந்தது. கணினி வன்பொருள் தேசிய தொழில் தகைமை நான்காம் மட்டத்தில் படிக்கக்கூடிய துறை. அதற்குப் பிள்ளையை அனுப்ப நினைக்கும் பெற்றோர், அவன் ஒரு திருகாணியைத் தொலைக்காமல் ஒரு பெட்டியைத் திறந்து மூடுகிறானா என்று முதலில் பாருங்கள். பழுதைத் தேடி இரண்டு மணித்தியாலம் இருக்க அவனுக்கு அலுப்பு வரவில்லையென்றால் தாராளமாக அனுப்புங்கள்.

வீட்டுக் கணினி இறுகத் தொடங்கியிருந்தால், இன்றைக்கே பைல்களையும் படங்களையும் வேறொரு வன்தட்டில் பிரதி எடுத்து, அதைக் கழற்றி அலுமாரிக்குள் வையுங்கள். பிறகு ஒரு கொப்பியை எடுத்துக் கணினிக்குப் பக்கத்தில் போடுங்கள். என்னிடம் பெட்டியைக் கொண்டு வருகிறவர்கள் அந்தக் கொப்பியையும் கொண்டு வாருங்கள். அது இல்லாமல் நான் பெட்டியைத் திறப்பதில்லை.