ஐஸ் காபியைக் கெடுப்பது ஐஸ்தான்

பெங்களூர் வெயிலுக்குப் பழகிய ஊரில்லை. 2016 ஏப்ரலில் 39.2 டிகிரியைப் பார்த்த பிறகும் பல வீடுகளில் மின்விசிறியை நம்பித்தான் கோடை ஓடுகிறது. மார்ச் பிறந்ததும் வீட்டுக்கு ஒருவர் ஐஸ் காபி போடக் கிளம்பிவிடுவார். சுடச்சுடக் காபியைக் கலந்து, அதில் நாலு ஐஸ் கட்டியைப் போட்டு, ஒரு வாய் குடித்துவிட்டு, "கடையில கெடைக்கிற மாதிரி இல்லையே" என்பார். எப்படி இருக்கும்? டம்ளரில் பாதி தண்ணீர்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 80 டிகிரி சூட்டிலிருக்கும் 100 மில்லி காபியை 5 டிகிரிக்கு இறக்க, கிட்டத்தட்ட 90 கிராம் ஐஸ் கரைந்தாக வேண்டும். காபிக்குச் சமமாகத் தண்ணீர் ஊற்றிக் குடிப்பதும் இதுவும் ஒன்றுதான். அதே காபி ஃபிரிட்ஜில் இருந்து 8 டிகிரிக்கு வந்துவிட்டால், நாலு கிராம் கரைந்தாலே போதும். ஆகவே டிகாஷன், பால், சர்க்கரை மூன்றும் ஐஸைப் பார்ப்பதற்கு முன்பே குளிர்ந்திருக்க வேண்டும். மற்றதில் கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் பரவாயில்லை.

முதலில் பொடி. மல்லேஸ்வரம், காந்தி பஜார், ஜெயநகர் பக்கமெல்லாம் கண்ணெதிரே அரைத்துக் கொடுக்கும் காபி ஒர்க்ஸ் கடைகள் இன்னும் இருக்கின்றன. நாட்டில் விளையும் காபியில் பெரும்பங்கு கர்நாடகத்து மலைகளில் விளைகிறது. அந்த மலைக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்த பாக்கெட்டை வாங்குவானேன்? பீபெரி, பிளான்டேஷன் ஏ, ரொபஸ்டா என்று கொட்டை வகைகளை டப்பா டப்பாவாக வைத்திருப்பார்கள். ஐஸ் காபிக்கு நான் சொல்வது பாதி பிளான்டேஷன் ஏ, பாதி ரொபஸ்டா. சூடாகக் குடிக்கும்போது முரட்டுத்தனமாகத் தெரியும் ரொபஸ்டா, பாலும் குளிரும் சேர்ந்த பிறகு அடங்கி நிற்கும், விலையும் குறைவு. பீபெரியை ஐஸில் போடுவது வீண்செலவு, அதன் வாசனை குளிரில் தெரியவே தெரியாது. "சிக்கரி எஷ்டு?" என்று கடைக்காரர் கேட்பார். "இப்பத்து" என்று சொல்லுங்கள். நூற்றுக்கு இருபது. சிக்கரியே இல்லாவிட்டால் குளிர்ந்த காபி நீர்த்தாற்போல் இருக்கும். முப்பதுக்கு மேல் போனால் நாக்கில் கஷாயம். பாக்கெட் பொடிதான் வாங்குவேன் என்றால், உறையில் சிக்கரி எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருப்பார்கள், அதைப் படித்துவிட்டு வாங்குங்கள். சட்டப்படி 49 சதவீதம் வரை சிக்கரி இருக்கலாம், ஜாக்கிரதை.

அடுத்தது டிகாஷன். எல்லோரும் சறுக்குவது இங்கேதான். சூடான காபிக்கு இறக்கும் டிகாஷன் ஐஸ் காபிக்குப் போதாது, இன்னும் கெட்டியாக வேண்டும். இரண்டு கிளாஸுக்கு 30 கிராம் பொடி, 180 மில்லி தண்ணீர். பொடி மூன்றில் ஒரு பங்கு தண்ணீரைக் குடித்துவிடும். மீதி 120 மில்லி கீழே இறங்கும், கிளாஸுக்கு 60. தண்ணீரைக் கூட்டி டிகாஷனைப் பெருக்கலாம் என்று கை துறுதுறுக்கும். வேண்டாம்.

ஃபில்டரின் மேல் பாத்திரத்தில் பொடியைப் போட்டுப் பக்கவாட்டில் லேசாகத் தட்டிச் சமப்படுத்துங்கள். தண்டு வைத்த தட்டை அதன் மேல் வையுங்கள், அமுக்காதீர்கள். சிக்கரி தண்ணீர் பட்டதும் உப்பும். ஏற்கெனவே அமுக்கி வைத்திருந்தால் அதோடு அடைத்துக்கொள்ளும். முதலில் பொடி நனையும் அளவுக்கு மட்டும் ஊற்றி அரை நிமிஷம் விடுங்கள். பிறகு மீதியை மெதுவாக ஊற்றி மூடுங்கள். கொதித்த தண்ணீரைக் கொஞ்சம் ஆறவிட்டு ஊற்ற வேண்டும் என்று சென்னை உறவினர்கள் சொல்வார்கள். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது, இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. கொதித்த கையோடு ஊற்றுங்கள். போர்வெல் தண்ணீரோ டேங்கர் தண்ணீரோ வேண்டாம். உப்புத் தண்ணீரில் எந்தப் பொடியும் எடுபடாது. காவேரித் தண்ணீர், இல்லையென்றால் குடிக்க வாங்கும் கேன் தண்ணீர்.

சொட்டாமல் நின்றுபோனால் ஃபில்டரைத் தரையில் தட்டுபவர்கள்தான் அதிகம். தட்டினால் நைஸ் பொடி துளைகளில் இன்னும் இறுகிப்போகும். மேல் பாத்திரத்தைக் கீழ்ப் பாத்திரத்தின் மேல் லேசாகத் திருகித் தூக்கி வையுங்கள். பல சமயம் உள்ளே சிக்கிய காற்றுதான் தடை, அது வெளியேறியதும் சொட்ட ஆரம்பித்துவிடும். அப்படியும் மசியவில்லையென்றால் துளைகளில் பழைய பொடி காய்ந்து அடைத்திருக்கிறது. அடுத்த முறைக்கு முன், கழுவிக் காய்ந்த மேல் பாத்திரத்தின் அடியை கேஸ் அடுப்புத் தீயில் ஒரு நிமிஷம் காட்டுங்கள். துளைக்குத் துளை சின்னச் சின்னதாகச் சிவந்து கனன்று, அடைப்பு சாம்பலாக உதிரும். பாட்டி காலத்துப் பித்தளை ஃபில்டருக்குச் செய்ததுதான், எவர்சில்வருக்கும் சரிப்படும். பிளாஸ்டிக் பிடி வைத்த ஃபில்டரில் இதைச் செய்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

முதல் டிகாஷன் முழுக்க இறங்க அரை மணி நேரமாகும். இறங்கியதும் சூடாக இருக்கும்போதே சர்க்கரையைப் போட்டுக் கலக்கிவிடுங்கள். குளிர்ந்த காபியில் போட்ட சர்க்கரை அடியில் மணலாகக் கிடக்கும், எவ்வளவு கலக்கினாலும் பிரயோஜனமில்லை. குளிரில் இனிப்பு மந்தமாகத்தான் தெரியும், அதனால் வழக்கத்தைவிட அரை ஸ்பூன் கூட. வெல்லம் பிடிக்குமென்றாலும் இதே சூட்டில் கரைத்து வடிகட்டிக்கொள்ளலாம். சூடான பாலைத் திரித்துவிடும் வெல்லம், குளிர்ந்த பாலிடம் வாலைச் சுருட்டிக்கொள்ளும்.

இனி ஐஸ். டிகாஷன் இறங்கிய பொடியைக் கொட்டிவிடாதீர்கள். அதே பொடியில் இன்னொரு முறை 150 மில்லி கொதிநீரை ஊற்றி இரண்டாம் டிகாஷன் எடுங்கள். நீர்த்துப்போய், கசப்பு மட்டும் மிச்சமாக இருக்கும் இந்த டிகாஷனைக் காபியில் கலந்து வீட்டில் இருப்பவர்களைச் சிலர் ஏமாற்றப் பார்ப்பார்கள். அதைவிட, ஆறவைத்து ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறைய வையுங்கள். வெறும் தண்ணீர் ஐஸ் கரைந்தால் காபி தண்ணீராகும். டிகாஷன் ஐஸ் கரைந்தால் காபியில் காபிதான் சேரும். செலவு ஒரு பைசா இல்லை. பல கடைகளில்கூட இந்த மெனக்கெடல் கிடையாது.

ட்ரேயை ஃப்ரீசரில் எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். நம் வீட்டு ஃபிரிட்ஜில் மல்லிகைச் சரம் இருக்கும், புளித்த தோசை மாவு இருக்கும், ஃப்ரீசரில் துருவிய தேங்காயும் முந்தாநாள் மீனும் இருக்கும். ஐஸ் எல்லா வாசனையையும் இழுத்துக்கொள்ளும். உறைந்ததும் கட்டிகளைக் கழற்றி மூடி இறுக்கமான டப்பாவில் போட்டுவிடுங்கள். முதல் டிகாஷனையும் மூடி போட்ட கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, சூடு ஆறியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். இரவே இறக்கி வைத்தால் மறுநாள் மதியத்துக்குத் தயார். இரண்டு நாளுக்கு மேல் வைக்காதீர்கள், புளித்த வாடை ஏறிவிடும்.

பால் விஷயத்தில் ரொம்ப யோசிக்க வேண்டாம். நந்தினி நீல உறை போதும். ஆரஞ்சு உறை ஷுபம் கொழுப்பு கூடியது, கெட்டியாகப் பிடிக்கும் என்றால் அது. காய்ச்சி ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்த பாலைத்தான் நான் ஒத்துக்கொள்வேன். காய்ச்சாத பாலில் காபி சேர்ந்தால் ஏதோ சோகை பிடித்த ருசி. ஆடையை மட்டும் மறக்காமல் வடிகட்டிவிடுங்கள். குளிர்ந்த காபியில் உதட்டில் ஒட்டும் பாலாடையைப் போல அருவருப்பு வேறில்லை.

கலப்பது நிமிஷ வேலை. ஒரு கிளாஸுக்கு 60 மில்லி டிகாஷன், 120 மில்லி பால், இரண்டு டிகாஷன் கட்டி. டம்ளருக்கும் டவராவுக்கும் இடையே தூக்கி ஆற்றும் வேலை இங்கே நடக்காது. கட்டி எகிறிச் சட்டையில் விழும். பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் எல்லாவற்றையும் போட்டு, மூடியை இறுக்கி, இருபது முறை குலுக்குங்கள். நுரை தானாக வரும். மிக்ஸியில் அடிப்பவர்கள் உண்டு. அது ஐஸை நொறுக்கிப்போடும், நொறுங்கிய ஐஸ் சட்டென்று கரையும், பாத்திரம் கழுவும் வேலையும் சேரும்.

இப்போது நாலு பேர் கேட்கும் கோல்ட் ப்ரூ. பொடியைப் பச்சைத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்து வடிகட்டுவது. நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதற்கு ரவை போல் கொரகொரப்பாக அரைத்த பொடி வேண்டும், பொடியும் கூடுதலாகப் பிடிக்கும். ஃபில்டர் பொடியில் செய்தால் சேறுதான் மிஞ்சும். சிக்கன ஐஸ் காபி தேடுபவருக்கு அது வேண்டாத வேலை. அவசரமென்றால் இன்ஸ்டன்ட் தேவலாம்: ஒன்றரை ஸ்பூன் தூள், சர்க்கரை, இரண்டு ஸ்பூன் வெந்நீர், நன்றாகக் கரைத்துக் குளிர்ந்த பாலில் ஊற்றிக் குலுக்குங்கள். வெந்நீர் அவ்வளவுதான். அரை டம்ளர் வெந்நீரில் கரைப்பவர்களுக்கு மேலே போட்ட கணக்கை மறுபடி காட்ட வேண்டியிருக்கும்.

செலவு எவ்வளவு? 1996இல் பிரிகேட் ரோட்டில் கஃபே காபி டே முதல் கடையைத் திறந்த பிறகு, உயரமான கிளாஸில் ஸ்ட்ரா போட்ட குளிர்ந்த காபி ஊரெங்கும் பரவியது. ஏசி, நாற்காலி, வாடகை என்று எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் அங்கே காசு கொடுக்கிறோம். வீட்டில், பொடி கிலோ 800 ரூபாய், பால் லிட்டர் 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இரண்டு கிளாஸுக்குப் பொடி 24 ரூபாய், பால் 12, சர்க்கரை இரண்டு. கிளாஸ் ஒன்று 20 ரூபாய்க்குள் அடங்கும். கேஸும் ஃபிரிட்ஜும் எப்படியும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

ஆறு பேர் வருகிறார்கள் என்றால் ஒரே ஃபில்டரில் பொடியை அமுக்கித் திணிக்காதீர்கள். முந்தின நாளே மூன்று முறை தனித்தனியாக இறக்கி ஒரே பாட்டிலில் சேருங்கள். ஐஸ் ட்ரே ஒன்றுதான் இருக்கிறதென்றால் எவர்சில்வர் கிண்ணங்களில் உறைய வைக்கலாம். கழற்றும்போது கிண்ணத்தின் அடியைக் குழாய்த் தண்ணீரில் ஒரு தரம் காட்டினால் கட்டி தானாக நழுவி வரும்.