மாத்திரை கேட்டால் கோபித்துக்கொள்வார்களா?

கேள்வி: என் மாமியாருக்கு வயது 64. பதினோரு வருடமாகச் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் இருக்கின்றன. மாதம் ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்குவோம். கொஞ்ச காலமாகப் பத்து நாளைக்குத்தான் தருகிறார்கள். சில மாதம் ‘வெளியில் வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். எங்கள் தெருவில் இப்படி இருபது வீடாவது இருக்கும். சேர்ந்து மனு கொடுக்கலாமா என்று நாலைந்து பெண்கள் பேசினோம். ஆனால் பயமாக இருக்கிறது. நர்சம்மா கோபித்துக்கொண்டு மாமியாரைக் கவனிக்காமல் விட்டால் என்ன செய்வது? என் கணவர் தொழிற்பேட்டையில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிறார், அவருக்கு ஏதாவது தொந்தரவு வருமா? இலவசமாகக் கொடுப்பதைக் குறை சொல்வது சரிதானா?
– ஆர்.வி., மேட்டுப்பாளையம், புதுச்சேரி

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. மனு கொடுத்ததற்காக ஒரு நோயாளிக்கு சிகிச்சையை மறுக்க எந்த அரசு ஊழியருக்கும் உரிமை இல்லை. நான் முப்பது வருடத்துக்கு மேல் அரசு மருத்துவனாக இருந்தவன். பணிவாகவும் எழுத்திலும் வந்த மனுவால் நிலையத்துக்கு நல்லது நடந்ததைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். இரண்டு நாள் முகம் சுளிப்பார்கள், அது உண்மை. அதையும் தவிர்க்க வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன். நிலையத்தின் பெயரை எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். அதுவும் நல்லதே. இது எந்த நிலையத்திலும் நடக்கக்கூடியது.

கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். அந்த மாத்திரை யாரும் போடும் பிச்சை அல்ல. தீப்பெட்டி வாங்கும்போதுகூட நாம் கட்டும் வரிப் பணத்தில் வந்தது. சிகிச்சையை உரிமையாகக் கேட்டவர்கள் முன்பே இருக்கிறார்கள். 1992-ல் மேற்கு வங்கத்தில் ஒரு தொழிலாளி ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். அரசு மருத்துவமனைகள் ஒவ்வொன்றாக, இடமில்லை என்றும் வசதியில்லை என்றும் திருப்பி அனுப்பின. அவர் சார்ந்திருந்த விவசாயத் தொழிலாளர் சங்கம் உச்ச நீதிமன்றம் வரை போனது. உரிய நேரத்தில் சிகிச்சை தராதது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவது என்று 1996 மே மாதம் தீர்ப்பு வந்தது. பணமில்லை என்று சொல்லி அரசு இந்தக் கடமையிலிருந்து விலக முடியாது என்றும் நீதிமன்றம் சொன்னது. அது அவசர சிகிச்சை பற்றிய வழக்குதான். ஆனாலும் கூலி வேலை செய்பவர்கள் ஒன்றுசேர்ந்து கேட்டதால் கிடைத்த தீர்ப்பு அது என்பதை உங்கள் தோழிகளுக்குச் சொல்லுங்கள்.

நம் ஊருக்கும் இது புதிதல்ல. 2008-ல் ஜிப்மர் மருத்துவமனைக்குத் தனிச்சட்டம் வந்தபோது, இலவச சிகிச்சை போய்விடுமோ என்று புதுச்சேரியில் தொழிற்சங்கங்களும் கட்சிகளும் தெருவில் இறங்கிக் கேட்டன.

இனி மாத்திரை ஏன் குறைகிறது என்று பார்ப்போம். மருந்தாளுநர் எடுத்து ஒளித்து வைத்துக்கொள்கிறார் என்று சிலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. ஒவ்வொரு நிலையமும் கிடங்குக்கு இன்டென்ட் (இன்ன மருந்து இவ்வளவு வேண்டும் என்ற தேவைப் பட்டியல்) அனுப்பும். போன வருடம் எவ்வளவு செலவானது என்பதைப் பார்த்துத்தான் அது எழுதப்படும். போன வருடம் 300 பேர் சர்க்கரை மாத்திரை வாங்கினார்கள், இந்த வருடம் 450 பேர் வருகிறார்கள் என்றால், மருந்து 300 பேருக்குத்தான் வந்து சேரும். அதைப் பகிர்ந்து கொடுக்க, முப்பது நாள் மாத்திரை இருபது நாளாகிறது. கொள்முதலும் தாமதமானால் அது பத்து நாளாகிவிடும்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. நான் வேலை செய்த நிலையங்களில், கொடுத்த மாத்திரைக்குப் பதிவேடு இருந்தது. ‘இல்லை’ என்று திருப்பி அனுப்பியதற்குப் பதிவேடு இருந்ததில்லை. நீங்கள் பேசாமல் கடையில் வாங்கிக்கொண்டு போனால், அந்த மாத்திரை யாருக்கும் தேவைப்படவில்லை என்றுதான் கணக்கு சொல்லும். அடுத்த வருட இன்டென்ட்டும் அந்தக் கணக்கை நம்பியே போகும். இது எனக்கே வெகுநாள் உறைக்கவில்லை. ஒரு பாட்டி, வெளியில் வாங்கிய மாத்திரைகளின் காலி அட்டைகளையெல்லாம் துணிப்பையில் சேர்த்து வைத்திருந்து, ஒருநாள் என் மேசையில் கொட்டினார். எண்ணிப் பார்த்தோம். அந்த வருட இன்டென்ட்டை நான் மாற்றி எழுதினேன்.

அதனால் மனுவுக்கு முன்னால் உங்களுக்கு வேண்டியது ஒரு நாற்பது பக்க நோட்டு. இருபது வீட்டிலும் யார், எந்தத் தேதியில் போனார்கள், எத்தனை நாள் மாத்திரை எழுதினார்கள், எத்தனை நாளைக்குக் கிடைத்தது, கடையில் எவ்வளவு செலவானது என்று குறித்து வாருங்கள். இரண்டு மாதம் போதும். யார் மேலும் புகார் எழுத வேண்டாம், எண்களை மட்டும் எழுதுங்கள்.

இது நானாகச் சொல்லும் யோசனை இல்லை. தேசிய ஊரக சுகாதார இயக்கம் 2005-ல் தொடங்கியபோது, சேவையை மக்களே கண்காணிக்க வேண்டும் என்பதும் அதன் திட்டத்தில் இருந்தது. 2007-ல் ஒன்பது மாநிலங்களில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். தமிழ்நாட்டில் தருமபுரி, கன்னியாகுமரி, பெரம்பலூர், திருவள்ளூர், வேலூர் மாவட்டங்களில் நடந்தது. ஊர்ப் பெண்கள் உட்கார்ந்து, கர்ப்பிணிப் பரிசோதனை ஒழுங்காக நடக்கிறதா, நர்ஸ் ஊருக்கு வருகிறாரா, மருந்து கிடைக்கிறதா என்று ஒவ்வொன்றையும் பேசி ஓர் அட்டையில் நிறம் கொடுத்தார்கள். நன்றாக இருந்தால் பச்சை, சுமார் என்றால் மஞ்சள், மோசம் என்றால் சிவப்பு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அந்த அட்டை புரிந்தது. பிறகு அதைச் சுகாதார ஊழியர்களின் முன்னாலேயே வைத்துப் பேசினார்கள். சிவப்பைக் குற்றச்சாட்டாக வைக்காமல், இதை மஞ்சளாக்க யார் என்ன செய்யலாம் என்ற கேள்வியாக வைத்ததுதான் அந்த முறையின் உயிர். நர்சுக்குத் தங்க இடமில்லை, பேருந்து இல்லை என்பதெல்லாம் அப்படிப் பேசினால்தான் வெளியே வரும்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். மனுவோடு நேராக மேலதிகாரியிடம் போகாதீர்கள். முதலில் நர்சம்மாவையும் மருந்தாளுநரையும் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து, நோட்டைக் காட்டி, ‘மருந்து குறைவாக வருகிறது போலிருக்கிறது, நாங்கள் எழுதிக் கொடுத்தால் உங்களுக்கு உதவியாக இருக்குமா?’ என்று கேளுங்கள். கோபத்துக்கு இதுவே நல்ல மருந்து. செல்போனில் படம் எடுத்துப் பரப்ப வேண்டாம். அடுத்து மருத்துவ அதிகாரியிடம் இருபது பேர் கையெழுத்துடன் மனு கொடுத்து, நகலில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நோயாளர் நலச் சங்கம் (நிலையத்தின் சில்லறைத் தேவைகளுக்கான நிதியை நிர்வகிக்கும் குழு) எப்போது கூடுகிறது என்றும் கேளுங்கள். அவசரத்துக்கு உள்ளூரில் மருந்து வாங்க அந்த நிதியைப் பயன்படுத்தலாம்.

தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி இருக்கும் ஊர்களில் இந்த இடத்தில் ஊராட்சித் தலைவரோ வார்டு கவுன்சிலரோ துணைக்கு நிற்பார். புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு 2006-ல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011-ல் முடிந்ததோடு சரி. உழவர்கரை நகராட்சியில் உங்கள் வார்டுக்காகப் பேச ஒரு கவுன்சிலர் இல்லாதது பெரிய குறை. அதனால் உங்கள் நோட்டுக்கு இன்னும் மதிப்பு அதிகம்.

ஒரு மாதம் பொறுத்தும் பதில் இல்லையென்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் சுகாதாரத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். கட்டணம் 10 ரூபாய். கடந்த பன்னிரண்டு மாதங்களில் மெட்பார்மின், அம்லோடிபின் மாத்திரைகள் எத்தனை கேட்டீர்கள், எத்தனை வந்தன என்ற ஒரு கேள்வி போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் துறையிலேயே முதல் மேல்முறையீடு, அதன்பின் டெல்லியில் உள்ள மத்திய தகவல் ஆணையம்.

உங்கள் கணவரைப் பற்றி எழுதியிருந்தது மனதில் தங்கிவிட்டது. மாத்திரை கேட்பதற்கும் அவருடைய வேலைக்கும் சம்பந்தமில்லை. அவர் பெயரை மனுவில் சேர்க்காமல் விட்டுவிடுங்கள், பெண்களின் கையெழுத்தே போதும். ஆனால் அவருடைய சம்பளச் சீட்டை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) என்று 0.75 சதவீதம் பிடிக்கிறார்களா? பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கம்பெனியில், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால், காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் அது உண்டு. அவரைச் சார்ந்து வாழும் தாயாருக்கும், அதாவது உங்கள் மாமியாருக்கும், அதில் சிகிச்சையும் மருந்தும் கிடைக்கும். கோரிமேட்டில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. பணத்தைப் பிடித்துக்கொண்டு அட்டை தராமல் இருந்தால், அதையும் கேட்டு வாங்க வேண்டும்.

இதெல்லாம் நடக்கும்வரை மாமியாரின் மாத்திரை ஒருநாளும் நிற்கக் கூடாது. பத்து நாள் மாத்திரையை இருபது நாளைக்கு வரும்படி பாதி பாதியாக உடைத்துப் போடுவதை நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சர்க்கரை ஏறுவது வெளியே தெரியாது. கண்ணிலும் சிறுநீரகத்திலும் பாதத்திலும் தெரியும்போது காலம் கடந்திருக்கும். குறையும் நாட்களுக்கு மக்கள் மருந்தகத்தில் வாங்குங்கள், விலை மிகவும் குறைவு. பில்லையும் காலி அட்டையையும் தூக்கி எறியாமல் நோட்டோடு வையுங்கள். இந்த மாதம் வெளியில் வாங்கியதன் பில் வீட்டில் இருந்தால், முதல் பக்கத்தை அதை வைத்தே தொடங்கிவிடலாம்.