காய்ச்சல் சீசனில் கையில் ஸ்மார்ட் வாட்ச்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ஃப்ளூ எங்கே ஏறுகிறது என்பதை ஃபிட்பிட் கைப்பட்டை அணிந்தவர்களின் இதயத் துடிப்பும் தூக்கமும் சொல்லும் என்று 2020-ல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. 47,000-க்கும் அதிகமானோரின் கணக்கைச் சேர்த்துப் பார்த்ததால் கிடைத்த பலன் அது. உங்கள் ஒரு கையில் இருப்பது முன்னெச்சரிக்கை மட்டும்தான்.

செய்ய வேண்டியவை

1. நன்றாக இருக்கும்போதே ஓய்வுநிலை இதயத் துடிப்பைக் குறித்து வையுங்கள். இயல்பு தெரிந்தால்தான் ஏற்றம் தெரியும்.
2. இரவிலும் வாட்ச்சைக் கட்டிக்கொண்டே தூங்குங்கள். நடையும் காபியும் கலக்காத அளவு அப்போதுதான் கிடைக்கும்.
3. துடிப்பு இரண்டு நாள் தொடர்ந்து ஏறியிருந்தால் மாஸ்க் போடுங்கள், வீட்டுப் பெரியவர்களை விட்டுத் தள்ளி இருங்கள். ஃப்ளூவும் கோவிட்டும் அறிகுறிக்கு முன்பே பரவக்கூடியவை.
4. காய்ச்சலைத் தெர்மாமீட்டரில் பாருங்கள். வாட்ச் அளப்பது தோலின் சூட்டை.
5. டாக்டர் சொன்ன ரத்தப் பரிசோதனையை அன்றே எடுங்கள். டெங்கு உறுதியானால் சுகாதாரத் துறைக்குத் தகவல் போகும். உங்கள் வாட்ச் அதைச் செய்யாது.
6. ஹெல்த் ஆப்பின் லொகேஷன் அனுமதியைச் சரிபாருங்கள். அனுமதியை நிறுத்தலாம், ஏற்கெனவே போன தகவலைத் திரும்பப் பெறுவது கடினம்.

செய்யக்கூடாதவை

1. வாட்ச்சைப் பார்த்து நோய்க்குப் பெயர் வைக்காதீர்கள். தூக்கம் கெட்டாலும் மது குடித்தாலும் துடிப்பு ஏறும்.
2. டெங்குவில் காய்ச்சல் விட்டதும் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ஆபத்து தொடங்குவதே அப்போதுதான். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.
3. மூச்சுத்திணறும்போது வாட்ச்சின் ஆக்ஸிஜன் எண்ணை நம்பிக் காத்திருக்காதீர்கள். பட்டை தளர்ந்தாலே எண் தவறும். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரும் கருத்த தோலில் கூடுதலாகக் காட்டலாம்.
4. ஒரே ஒரு கணிப்பை நம்பிப் பதறாதீர்கள். இணையத் தேடல்களை வைத்துக் கணித்த கூகுள் ஃப்ளூ ட்ரெண்ட்ஸ் 2012-13 சீசனில் அமெரிக்க ஃப்ளூவை மிக அதிகமாகக் கணித்தது, 2015-ல் நிறுத்தப்பட்டது.
5. படிக்காமல் சம்மதம் கொடுக்காதீர்கள். சிங்கப்பூரின் கோவிட் ஆப்பான ட்ரேஸ்டுகெதரின் தகவல் தொற்றுத் தடமறிதலுக்கு மட்டுமே என்றார்கள். குற்ற விசாரணைக்கும் போலீஸ் அந்தத் தகவலைப் பெறலாம் என்று 2021 ஜனவரியில் அரசே சொன்னது.
6. அடுத்தவரின் ரிசல்ட்டை வாட்ஸ்ஆப் குரூப்பில் போடாதீர்கள். பெயர் வெளியாகும் என்று பயந்தால் பலர் பரிசோதனைக்கே போக மாட்டார்கள்.

இன்றே இரண்டு வேலையை முடியுங்கள்: ஆப் அனுமதிகளைப் பாருங்கள், வீட்டுக்கு ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்குங்கள்.