அச்சுச் சலுகையும் ஆசிரியர் உரிமையும்: சில நம்பிக்கைகளும் உண்மைகளும்

நூலாசிரியனுடைய உழைப்பின் பலன் அவனுக்கே கிட்ட வேண்டும் என்ற நியாய உணர்ச்சியினால், அச்சு யந்திரம் தோன்றிய காலத்திலேயே அரசாங்கங்கள் பதிப்புரிமையை ஏற்படுத்திவிட்டன என்ற நம்பிக்கை படித்தவர்களிடையே வெகுவாகப் பரவியிருக்கிறது. நல்ல எண்ணத்தில் பிறந்த நம்பிக்கைதான்; ஆனால் சரித்திரம் அதற்குச் சாட்சி சொல்வதில்லை.

முதல் பதிப்புரிமை 1469ஆம் ஆண்டில் வெனிஸ் நகரத்தில் வழங்கப்பட்டது என்று அடிக்கடி எழுதுகிறார்கள். ஜெர்மனியிலுள்ள ஷ்பயர் என்னும் ஊரிலிருந்து வந்து அங்கே குடியேறிய ஜோஹான் என்ற அச்சாளர், சிசரோவின் கடிதங்களையும் பிளினியின் இயற்கை வரலாற்றையும் அழகுற அச்சிட்டுக் காட்டியதில் மகிழ்ந்து, ஐந்து ஆண்டுகளுக்கு அவரைத் தவிர வேறெவரும் வெனிஸ் ராஜ்யத்தில் அச்சுத் தொழில் நடத்தக் கூடாதென்றும், மீறினால் கருவிகளும் புத்தகங்களும் பறிமுதலாகுமென்றும் அவ்வருஷம் செப்டம்பர் 18ஆம் தேதி ஆட்சிக் குழு ஆணையிட்டது உண்மையே. ஆனால் அந்த ஆணை காத்தது எந்த நூலையும் அன்று, எந்த ஆசிரியரையும் அன்று. சிசரோவும் பிளினியும் மாண்டு எத்தனையோ நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. ஒரு தொழில் முழுவதையும் ஒருவர் கையில் ஒப்படைத்த ஏகபோகம் அது. அடுத்த ஆண்டே ஜோஹான் காலமானார். சலுகை பெற்றவர் இறந்தமையால் இது செல்லாது என்ற குறிப்பு அதே பதிவேட்டில் ஆணையின் அருகே எழுதப்பட்டது. அவருடைய மரணத்துக்காக வருந்தும்போதே, அந்தச் சலுகை நிலைத்திருந்தால் நிக்கோலஸ் ஜென்சன் போன்ற மகா கலைஞர்களின் அச்சுக்கூடங்கள் வெனிஸில் தழைத்திருக்குமா என்று எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஆசிரியர் ஒருவருக்கு அந்நகரம் கனிந்து அளித்த முதற் சலுகை 1486ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மார்க்கன்டோனியோ சபெல்லிகோ தாம் எழுதிய வெனிஸ் சரித்திரத்தைத் தமக்கு உகந்த ஓர் அச்சாளரிடம் கொடுக்கலாம். மற்றவர் அச்சிட்டால் 500 டக்காட் அபராதம். இதை எழுத்தாளர் உரிமையின் உதயமென்று கொண்டாடுவோர், அந்நூல் வெனிஸின் புகழைப் பாடியது என்பதை மறந்துவிடுகிறார்கள். அதே காலத்தில் கவிதையோ வைத்தியமோ எழுதிய மற்றொருவர், அரசாங்கத்தின் தயவைத் தனியே வேண்டிப் பெற்றாலன்றி, எவ்வித உரிமையும் கோரியிருக்க முடியாது.

அரசாங்க முத்திரை கிடைத்துவிட்டால் கள்ளப் பதிப்பு ஒழிந்துவிடும் என்பது இன்னொரு நம்பிக்கை. வெனிஸ் அச்சாளர் ஆல்டஸ் மனூஷியஸ் பட்ட பாட்டை அறிந்தவர்கள் அவ்வாறு நினைக்கமாட்டார்கள். 1501இல் வர்ஜிலின் காவியங்களைக் கைக்கடக்கமான சிறு வடிவில், புதிதாகச் செதுக்குவித்த சாய்வெழுத்தில் அவர் வெளியிட்டபோது கற்றோர் உலகமே வியந்தது. வெனிஸ் செனட் சபையின் சலுகையும் போப்பாண்டவரின் சலுகையும் அவரிடம் இருந்தன. ஆயினும் செனட்டின் அதிகாரம் வெனிஸின் எல்லையோடு நின்றுவிட்டது. பிரான்ஸிலுள்ள லியோன் நகரத்து அச்சாளர்கள் அதே வடிவில், அதே சாயலுள்ள எழுத்தில், அவருடைய நூல்களைப் பார்த்து அச்சிட்டு விற்றார்கள். மனம் நொந்த ஆல்டஸ் 1503 மார்ச் 16ஆம் தேதி ஓர் எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டார். கள்ளப் பிரதியின் காகிதம் மட்டமானது, அதில் ஒரு கெட்ட வாடை வீசும், மெய்யெழுத்துக்கள் உயிரெழுத்துக்களோடு இணையாமல் விலகி நிற்கும் என்றெல்லாம் அடையாளம் சொன்னதோடு, எந்த நூலில் எந்த இடத்தில் என்ன பிழை மலிந்திருக்கிறது என்றும் வரிசையாக எடுத்துக்காட்டினார். லியோன் அச்சாளர்களோ அந்த அறிக்கையையே பிழைதிருத்தமாகக் கொண்டு, அடுத்த பதிப்பைச் செம்மையாக்கி விட்டார்கள்! பாட சுத்தத்துக்காக ஆயுளைச் செலவிட்ட ஒரு மனிதருக்கு இதைவிடக் கொடிய அநியாயம் நேர்ந்திருக்க முடியாது.

சலுகைகள் கல்வியை வளர்த்தன என்பதும் முழு உண்மையன்று. அச்சிடும் எண்ணமே இல்லாமல் பழைய நூல்களின் பேரில் சலுகைகளை வாங்கிக் குவித்துவைத்துப் பிறர் கையைக் கட்டிப்போடும் வழக்கம் முற்றியதனால்தான், 1517இல் செனட் சபை நடப்பிலிருந்த சலுகைகளை ரத்துசெய்து, இனிப் புது நூல்களுக்கே சலுகை என்று விதித்தது. ஆசிரியர் அல்லது அவருடைய வாரிசுகளின் சம்மதமின்றி அச்சிடலாகாது என்ற பொது விதி 1545இல்தான் வந்தது. அதைப் பிறப்பித்ததோ ராஜ்யத்தின் பந்தோபஸ்தைக் கவனித்துவந்த பதின்மர் சபை. எதை யார் எழுதினார் என்று அறிந்துகொள்ள விரும்பிய அதிகாரத்துக்கும் அவ்விதி அனுகூலமாயிருந்தது என்றே நான் கருதுகிறேன்.

கடைசியாக, பதிப்புரிமை இயற்கையாகவே என்றென்றைக்கும் உரியதென்ற வாதம். லண்டனில் 1557இல் சாசனம் பெற்ற ஸ்டேஷனர்ஸ் கம்பெனியின் பதிவேட்டில் பதிந்த நூல் பதிந்த வியாபாரிக்கே நிரந்தரச் சொத்து என்று புத்தக வியாபாரிகள் நெடுங்காலம் சாதித்துவந்தார்கள். ஆன் ராணியின் காலத்தில், 1710இல், அமலுக்கு வந்த சட்டம் ஆசிரியரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டுப் புது நூலுக்கு 14 ஆண்டுகளும், அதன் முடிவில் அவர் உயிரோடிருந்தால் மேலும் 14 ஆண்டுகளும் அளித்தது. அப்போதும் வியாபாரிகள் ஓயவில்லை. 1748இல் இறந்துபோன ஜேம்ஸ் தாம்ஸன் என்ற கவியின் ‘பருவங்கள்’ என்னும் காவியத்தின் உரிமையைத் தாமஸ் பெக்கட் முதலானோர் 505 பவுன் கொடுத்து ஏலத்தில் எடுத்தனர். எடின்பரோவைச் சேர்ந்த அலெக்ஸாண்டர் டொனால்ட்ஸன் அதை மலிவு விலையில் அச்சிட்டார். அதனால் எழுந்த வழக்கில், 1774 பிப்ரவரியில் பிரபுக்கள் சபை டொனால்ட்ஸனுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து, வெளியான நூலின் உரிமை சட்டம் குறித்த காலத்தோடு தீர்ந்தது என்று முடிவுகட்டியது. தங்கள் முதல் பாழாகிறதென்று முறையிட்டு வியாபாரிகள் அவ்வாண்டே பார்லிமெண்டில் ஒரு மசோதா கொணர்ந்தனர். காமன்ஸ் சபை அதை நிறைவேற்றிவிட, பிரபுக்கள் சபை ஜூன் மாதத்தில் அதைத் தள்ளிவிட்டது.