முன்பின் தெரியாதவரிடம் வேலை விபரம் கேட்பது எப்படி?



கொழுந்துக் கூடை சுமந்த காசில் பிள்ளை கெம்பசுக்குப் போய்ப் பட்டமும் வாங்கிவிட்டது. "வேலை எப்ப கிடைக்கும்?" என்று லயத்தில் எல்லோரும் கேட்கிறார்கள். எங்கே வேலை இருக்கிறது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. மாமாவுக்கும் பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் நமக்குத் தெரிந்த அளவுதான் தெரியும். கொழும்புக் கம்பனியில் ஆள் எடுக்கிற செய்தி பெரட்டுக்களத்துக்கு வந்து சேராது. ஆகவே வெளி ஆட்களிடம் கேட்கப் பழகுவோம்.

அமெரிக்காவில் மார்க் கிரனோவெற்றர் என்ற சமூகவியலாளர் 1973இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஆட்கள் மூலம் வேலை பெற்ற உத்தியோகத்தர்களிடம், "அந்த ஆளை எத்தனை தடவை சந்திப்பீர்கள்?" என்று கேட்டார். 100க்கு சுமார் 17 பேர் மட்டுமே "அடிக்கடி" என்றார்கள். மற்றவர்களுக்கு உதவியவர் எப்போதாவது, அல்லது அபூர்வமாகக் காண்கிற ஆள். தூரத்து ஆளுக்கு நாம் அறியாத இடங்கள் தெரியும். இன்று அந்நியராக இருப்பவர், ஒரு கடிதத்துக்குப் பிறகு அப்படிப்பட்ட தூரத்து ஆளாகிவிடுவார்.

யாரிடம் கேட்கலாம்?

நம் பாடசாலையில் படித்து வெளியே வேலை செய்கிறவர்கள், நம் பாடத்தில் முன்னமே பட்டம் பெற்றவர்கள், பழைய விரிவுரையாளர்கள், நகரத்து வங்கி, கம்பனி, தொண்டு நிறுவன உத்தியோகத்தர்கள்.

எப்படிக் கேட்பது?

1. "ஒரு வேலை போட்டுத் தாங்க" என்று கேட்க வேண்டாம். அது அவர் கையில் இருக்காது. பதில் சொல்லாமல் ஒதுங்கிவிடுவார். விபரம் கேளுங்கள்.
2. நாம் யார், அவரைப் பற்றி எப்படி அறிந்தோம் என்பதை முதலிலேயே சொல்லுங்கள்.
3. ஐந்தாறு வரி போதும். கேள்வி ஒன்றிரண்டு போதும்.
4. அவர் வாசிக்கும் மொழியில் எழுதுங்கள். சிங்களமோ ஆங்கிலமோ என்றால் தெரிந்தவரிடம் காட்டித் திருத்துங்கள்.
5. பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரு தடவை நினைவூட்டுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.
6. உதவியவருக்கு நன்றி சொல்லி, பிறகு என்ன நடந்தது என்றும் அறிவியுங்கள்.

மாதிரி:

"மதிப்புக்குரிய ஐயா, நான் ஹட்டன் பகுதித் தோட்டமொன்றைச் சேர்ந்தவள். இந்த வருடம் பேராதனையில் புவியியல் பட்டம் பெற்றேன். எங்கள் பாடசாலையின் பழைய மாணவர் என்று அதிபர் மூலம் உங்களை அறிந்தேன். உங்கள் துறையில் புதிதாகச் சேர்கிறவர் என்ன பயிற்சி பெற்றிருக்க வேண்டும்? வெற்றிடங்களை எங்கே அறிவிப்பார்கள்? நேரம் கிடைக்கும்போது இரண்டு வரி எழுதினால் பேருதவியாக இருக்கும்."

கவனம்!

அரசாங்க வேலைக்கு ஆள் பிடிக்கத் தேவையில்லை. வெள்ளிக்கிழமை தோறும் வரும் வர்த்தமானியைப் பாருங்கள். "காசு தா, வேலை எடுத்துத் தாறேன்" என்கிறவரை நம்பாதீர்கள். தோட்டை அடகு வைத்து ஏமாறுவதற்கா பிள்ளையைப் படிக்க வைத்தோம்? வெளிநாட்டு வேலை என்றால், அந்த முகவருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் உண்டா என்று பணியகத்திடமே விசாரியுங்கள். அடையாள அட்டை, சான்றிதழ்களின் மூலப்பிரதியை யாரிடமும் விட்டுவிட்டு வரவேண்டாம். பெண் பிள்ளைகள் நேரில் சந்திப்பதானால், பகல் நேரத்தில் அலுவலகத்தில், துணைக்கு ஒருவரோடு போகட்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: தெரியாதவரிடம் விபரம் கேட்பது கை நீட்டுவது ஆகாது. "நமக்கு எதுக்கும்மா இதெல்லாம்?" என்று பிள்ளையைத் தடுக்க வேண்டாம். பத்துப் பேருக்கு எழுதினால் எட்டுப் பேர் பதில் போடாமல் இருக்கலாம். அதற்காகப் பிள்ளையைக் குறை சொல்லவும் வேண்டாம்.

இந்த வாரப் பயிற்சி: ஒரு கொப்பியில் ஐந்து பேரின் பெயர் எழுதுங்கள். ஒவ்வொருவரிடமும் கேட்க ஒரு கேள்வியைப் பக்கத்திலே குறியுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் முதல் கடிதத்தை அனுப்பிவிடுங்கள். நாளைக்கு வேலை கிடைத்ததும், அடுத்த லயத்துப் பிள்ளை எழுதும் கடிதத்துக்கு நீங்களும் பதில் போடுங்கள்.